வீட்டு முகவரி செய்த குற்றம் என்ன?

அமெரிக்காவில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து, அதை ஓட்டியவர் வேலை பார்த்த ஊருக்கு ஆயிரம் மைல் தள்ளிக் குடியிருந்தார் என்று தெரிந்துவிட்டால் போதும். வேறு காரணங்களைத் தேடும் பொறுமை பலருக்குப் போய்விடுகிறது. ஃப்ளோரிடாவில் வீட்டை வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் வேலை பார்த்தால் தூக்கம் எங்கிருந்து வரும், ஓர் ஊரில் வாழ்ந்து இன்னோர் ஊரில் விமானம் ஓட்டுவதை ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. விமான நிறுவனங்களும் இந்தக் கேள்வியை எதிர்ப்பதில்லை. எங்கே குடியிருப்பது என்பது விமானியின் சொந்த விருப்பம், அதில் நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பெருந்தன்மை போலத் தோன்றும் அந்தப் பதிலில்தான் சூது இருக்கிறது. தொலைவிலிருந்து வேலைக்கு வருவது விமானியின் பழக்கக்கேடு அல்ல. நிறுவனம் தன் கணக்கிலிருந்து எடுத்து அவர் கணக்கில் எழுதிவிட்ட செலவு அது.

அங்கே ஒவ்வொரு விமானிக்கும் ஒரு ‘பேஸ்’ உண்டு. அவருடைய பணி தொடங்குவதும் முடிவதும் அந்த விமான நிலையத்தில்தான். மூன்று நான்கு நாள் பணிச்சுற்று முடிந்து அவரை அங்கே இறக்கிவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்தது. வீடு வேறு ஊரில் இருந்தால், காலியாகக் கிடக்கும் இருக்கை ஒன்றில், அதுவும் இல்லாவிட்டால் காக்பிட்டில் மடக்கி வைத்திருக்கும் ‘ஜம்ப் சீட்’டில் உட்கார்ந்து அவரே போய்ச் சேர வேண்டும். காசு இல்லை; இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இதைத்தான் ‘கம்யூட்’ என்கிறார்கள்.

இந்த வாதத்தில் எப்போதும் சாட்சிக்கு அழைக்கப்படுவது 2009 பிப்ரவரி 12 இரவு நடந்த விபத்து. நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 தரையிறங்கும் நேரத்தில் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில். துணை விமானி 24 வயதுப் பெண். சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தார். முந்தைய இரவு ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் ஒன்றில் ஏறி மெம்ஃபிஸ் வந்து, அங்கே இன்னொன்று மாறி, காலை ஆறரை மணி வாக்கில் நியூவார்க்கில் இறங்கினார். கேப்டன் அந்த இரவை நிறுவனத்தின் ஊழியர் அறையில் கழித்தார்; பின்னிரவு 3.10-க்கு அவர் பணிப்பட்டியல் கணினியைத் திறந்து பார்த்த பதிவு இருக்கிறது. பகல் ஒன்றரை மணிக்குப் பணிக்கு வந்தார்கள். காற்று பலமாக இருந்ததால் முதல் இரண்டு பயணங்கள் ரத்தாகின. கடைசியில் இரவு 9.18-க்குக் கிளம்பி 10.17-க்கு விழுந்தார்கள்.

இவ்வளவையும் படித்தவர் தடை வேண்டும் என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பு வேறு. வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு வந்தபோது கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. முன்னே தள்ள வேண்டிய தண்டைக் கேப்டன் பின்னே இழுத்தார். விபத்துக்குக் காரணமாக வாரியம் சொன்னது அதைத்தான். வேகத்தைக் கவனிக்காதது, தாழப் பறக்கும்போது வெட்டிப்பேச்சு கூடாது என்ற விதியை மீறியது, உறைபனிச் சூழலில் வேகத்தை நிர்ணயிக்க நிறுவனம் வைத்திருந்த நடைமுறைகளின் போதாமை ஆகியவை துணைக் காரணங்கள். இருவரும் களைத்திருந்திருக்கக்கூடும், அது விபத்துக்கு எவ்வளவு தூரம் காரணம் என்று அறுதியிட முடியவில்லை என்றது வாரியம். களைப்பையும் காரணப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்று அதன் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் தனியாக எழுதினார். அவர் சொன்னதே சரி என்று எனக்கும் படுகிறது. அதனால் என் வாதம் எங்கும் தளர்ந்துவிடாது. களைப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், அந்தக் களைப்பை உண்டாக்கியது யார் என்ற கேள்வியே எழுகிறது.

அதற்கான விடையும் அதே அறிக்கையில் இருக்கிறது. தடை கேட்பவர்கள் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை. கோல்கனின் நியூவார்க் பேஸில் இருந்த விமானிகளில் 93 பேர், அதாவது 68 விழுக்காட்டினர், வெளியூரிலிருந்து வந்து போனவர்கள். அவர்களில் 49 பேர் நானூறு மைலுக்கு அப்பால், 29 பேர் ஆயிரம் மைலுக்கு அப்பால் குடியிருந்தார்கள். பத்தில் ஏழு பேர் இப்படி வாழ்ந்தால் அதைத் தனிமனித விருப்பம் என்று யார் சொல்வார்கள்? நிறுவனத்துக்கு இது தெரியாமலும் இல்லை. பெரும்பாலோர் வெளியூர்க்காரர்களாக இருக்கும் ஒரு பேஸில் வரக்கூடிய களைப்பின் ஆபத்தை கோல்கன் முன்கூட்டிக் கவனிக்கவில்லை என்று வாரியம் தெளிவாகவே எழுதியது. தன் ஓய்வைப் பார்த்துக்கொள்ளும் கடமை விமானிக்கு உண்டு என்றும் எழுதியது. நாளிதழ்களில் தலைப்பானது இரண்டாவது வாக்கியம் மட்டும்தான்.

அந்தத் துணை விமானியின் சம்பளத்துக்கு வருவோம். விசாரணையில் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் என்று பேச்சு வந்தது. நிறுவனம் பிறகு அதைத் திருத்தி 23,900 டாலர் என்றது. பெரிய தொகையையே வைத்துக்கொள்வோம். அதில் நியூவார்க் சுற்றுவட்டாரத்தில் ஒரு தனி அறை எடுத்து, சாப்பிட்டு, பயிற்சிக் கடனையும் அடைக்க முடியுமா என்று அந்த ஊர் வாடகை தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். முன்பு நார்ஃபோக்கில் பேஸ் இருந்தபோது அவர் ஒரு காப்பிக் கடையிலும் வேலை பார்த்திருக்கிறார். விபத்தன்று அவருக்கு உடம்பு சரியில்லை; காக்பிட் ஒலிப்பதிவில் தும்மலும் இருமலும் கேட்கின்றன. இப்போது உடம்பு முடியவில்லை என்று சொன்னால், தேறும்வரை தன் செலவில் ஓட்டலில் தங்க வேண்டுமே என்று அவர் கேப்டனிடம் சொல்வதும் பதிவாகியிருக்கிறது. விருப்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பேச்சைத் தங்கள் வாதத்தில் எங்கே வைப்பார்கள்? ஓட்டல் வாடகையும் உடல்நலமும் எதிரெதிரே நிற்க, ஓட்டல் வாடகை ஜெயித்திருக்கிறது. அதை அவருடைய விருப்பம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

விமானிக்கு எந்த பேஸ் என்பதை முடிவு செய்வது சீனியாரிட்டி. சேர்ந்த தேதி ஒன்றே தகுதி. இருபது ஆண்டு அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். யாருக்கு எந்த ஊர் வேண்டும் என்று விருப்பம் கேட்பார்கள். மூத்தவர்கள் எடுத்தது போக மிச்சம் இளையவர்களுக்கு. மூத்தவர்கள் எடுப்பது வீடு மலிவாகவும் வாழ்க்கை வசதியாகவும் உள்ள ஊர்களை. ஆகவே நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற வாடகை எகிறும் ஊர்கள் பல நிறுவனங்களில் புதியவர்கள் தலையில் விழுகின்றன. சம்பளம் குறைந்தவரை விலை கூடிய ஊருக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே குடியிரு என்று சொல்லும் ஏற்பாடு இது. அதிலும் ‘ரிசர்வ்’ என்ற காத்திருப்புப் பணி புதியவர்களுக்கே வாய்க்கும். கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வெளியூர்க்காரர் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று தெரியாமல் அந்த நாட்களை பேஸ் ஊரிலேயே உட்கார்ந்து கழிக்க வேண்டியதுதான்.

எங்கே உட்காருவது? அதற்கென்றே ‘க்ராஷ்பேட்’ என்று ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள். மாத வாடகை கட்டில் கணக்கில். ஒரே கட்டிலில் ஒருவர் எழுந்துபோனதும் இன்னொருவர் படுக்கும் ஏற்பாடும் உண்டு, தனக்கென்று ஒரு கட்டில் கேட்டால் வாடகை கூடும். நியூயார்க்கின் க்வீன்ஸில் உள்ள க்யூ கார்டன்ஸ் பகுதியில் விமானிகளும் பணிப்பெண்களும் இப்படி நிறைந்து கிடப்பதால் அதை ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே கேலியாகச் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் வாகன நிறுத்துமிடம் ஒன்றில் விமான ஊழியர்கள் வீட்டு வண்டிகளை நிறுத்தி ஒரு குடியிருப்பாகவே வாழ்ந்தது 2009-இல் அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வந்தது. விமானங்கள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே படுத்துறங்கிவிட்டு வரும் விமானி பேஸுக்கு மிக அருகில் வசிப்பவர்; தடை கேட்பவர்களின் அளவுகோலில் அவருக்கு முழு மதிப்பெண்.

சரி, ஒருவர் சொன்னபடி கேட்டு பேஸ் ஊரிலேயே வீடு வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க்கில் 1992-இல் புத்தம் புதிய முனையம் திறந்து அதைத் தன் மையமாக வைத்திருந்த யுஎஸ்ஏர், யுஎஸ் ஏர்வேஸ் என்று பெயர் மாறிய பிறகு 2004-இல் அந்த மையத்தைக் கைவிட்டது. டிடபிள்யூஏவை 2001-இல் வாங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 2003-இல் செயின்ட் லூயிஸைச் சுருக்கியது. நார்த்வெஸ்ட்டை இணைத்துக்கொண்ட டெல்டா 2013-இல் மெம்ஃபிஸ் மையத்தை மூடியது. கான்டினென்டலோடு இணைந்த யுனைடெட் 2014-இல் கிளீவ்லாந்தில் அதையே செய்தது. ஊரில் விமானம் குறைந்தால் விமானிகளுக்கான இடங்களும் குறையும். சீனியாரிட்டியில் கீழே இருப்பவர் வேறு ஊருக்குத் தள்ளப்படுவார். சில தொழிற்சங்க ஒப்பந்தங்களில் சாமான் ஏற்றிப் போகும் செலவைத் தருவார்கள்தான். வேலைகள் வெளியேறிய ஊரில் வீட்டை யாருக்கு விற்பது, மனைவியோ கணவனோ பார்க்கும் வேலையை என்ன செய்வது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் பிரிவு கிடையாது. வீடு நகரவில்லை, பேஸ் நகர்ந்தது. ஆனால் ‘தொலைவில் குடியிருப்பவர்’ என்ற பெயர் வீட்டில் இருந்தவருக்கு.

தடை என்றால் எதை அளந்து தடை செய்வது? மைல் கணக்கா? லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியிலிருந்து நெரிசல் நேரத்தில் காரோட்டி நியூவார்க் வருபவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். பஃபலோவிலிருந்து விமானத்தில் வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. முன்னவர் உள்ளூர்க்காரர், பின்னவர் குற்றவாளி. கோல்கன் விபத்துக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று இந்தக் கேள்வியையே ஆராய்ந்து 2011-இல் அறிக்கை தந்தது. இத்தனை மைல், இத்தனை மணி நேரம் என்று வரம்பு கட்டி விதி போடப் போதிய சான்று இல்லை என்றது அந்தக் குழு. எவ்வளவு நேரம் விழித்திருந்தார், எப்போது தூங்கினார், எந்த நேரத்தில் பணி என்பவைதான் களைப்பைத் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கும் வீட்டுத் தூரத்துக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது.

வீட்டுத் தூரத்தோடு சம்பந்தமில்லாத களைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஹவாய்க்குப் போகலாம். 2008 பிப்ரவரி 13 காலை ஹோனலூலுவிலிருந்து ஹிலோவுக்குப் போன ‘கோ!’ விமானத்தில் இரண்டு விமானிகளும் தூங்கிப்போனார்கள். விமானம் ஹிலோவைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எழுந்து, திரும்பி வந்து, பத்திரமாக இறங்கினார்கள். விசாரணை அறிக்கை காட்டிய துணைக் காரணங்கள்: கேப்டனுக்கு இருந்து கண்டுபிடிக்கப்படாமல் போன தூக்க மூச்சுத்திணறல் நோய், தொடர்ந்து சில நாட்கள் விடியற்காலைப் பணி. இரண்டாவதைப் போட்டது பணிப்பட்டியல் தயாரித்தவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு கிளீவ்லாந்தில் பனி மூடிய ஓடுபாதையைத் தாண்டி ஓடிய ஷட்டில் அமெரிக்கா விமானத்தின் கேப்டன், முந்தைய 32 மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். அவருக்குத் தூக்கமின்மைத் தொல்லை. களைத்திருக்கிறேன் என்று சொல்லி விலகியிருக்கலாமே? விடுப்புக் கணக்கைக் காட்டி வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்தார். விமானிகளின் வீடுகளையெல்லாம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்தாலும் அந்தப் பயம் தீராது.

எதிர்த்தரப்புக்கு உண்மையான வலு உள்ள ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் ஏழைத் துணை விமானிகள் அல்ல. பெரிய நிறுவனங்களின் மூத்த கேப்டன்கள் நினைத்தால் பேஸ் ஊரில் பங்களாவே வாங்கலாம். ஆனாலும் ஃப்ளோரிடாவிலும் டெக்சஸிலும் நெவாடாவிலும் இருக்கிறார்கள்; அங்கே மாநில வருமான வரி கிடையாது. பல மாநிலங்களைக் கடந்து வேலை பார்க்கும் விமான ஊழியருக்கு, அவர் வசிக்கும் மாநிலமோ சம்பளத்தில் பாதிக்கு மேல் ஈட்டும் மாநிலமோதான் வரி விதிக்கலாம் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அந்தச் சலுகைக்காகவும் கடற்கரைக்காகவும் ஊரைத் தேர்ந்தவர் உண்டு. விடியற்காலை இறங்கிக் காலையிலேயே விமானம் ஓட்டுபவரும் உண்டு. அவருக்காக நான் வாதாட மாட்டேன், அது தவறு. ஆனால் மூத்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய நாளே வந்து அறையெடுத்துத் தூங்குகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் காசும் சீனியாரிட்டியும் உண்டு. பிற்பகலில் தொடங்கும் பணியைக் கேட்டு வாங்கவும் முடியும். தடை வந்தால் அதையும் சமாளிப்பார்கள். அடி வாங்குவது ஊழியர் அறை நாற்காலியில் தூங்கும் இருபத்துநாலு வயதுக்காரர்தான்.

இப்போதுதான் சம்பளம் கூடிவிட்டதே என்பார்கள். கூடியது உண்மை. விமானிப் பஞ்சம் வந்தபோது, 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மூன்று துணை நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மகிழ்ச்சி. ஆனால் சீனியாரிட்டி வரிசையும் ரிசர்வும் பேஸ் மூடும் அதிகாரமும் அப்படியேதான் இருக்கின்றன. பஞ்சத்தில் ஏறிய சம்பளம் பஞ்சம் தீர்ந்தால் எங்கே போகும் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேஸ் ஊரிலேயே குடியிரு, வாழ்க்கை இனிக்கும் என்று மூத்த விமானிகளே இளையவர்களுக்கு அறிவுரை சொல்வதும் உண்டு. தனக்குப் பிடித்த பேஸ் கிடைத்து நிலைத்துவிட்டவர் சொல்லும் அறிவுரை அது.

இந்தச் சூதின் முடிச்சு அமெரிக்க விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பணிநேர விதிகளின்படி, நிறுவனம் ஒரு விமானியைப் பயணியாக ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினால் அந்த நேரம் முழுவதும் பணி. ஓய்வுக் கணக்கில் சேராது. அதே விமானி அதே விமானத்தில் அதே இருக்கையில் வீட்டிலிருந்து பேஸுக்கு வந்தால் அது அவருடைய சொந்த நேரம். உடம்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் கணக்கிடும். பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு என்று அந்த விதிகள் சொல்வது நல்ல விஷயம்தான். அந்தப் பத்து மணி நேரத்தில் இரண்டு விமானம் மாறி வந்தவரை அவற்றால் காண முடியாது. காண வேண்டும் என்று யாரும் விரும்பவும் இல்லை. ஐரோப்பாவில், வீட்டிலிருந்து பேஸுக்கு வர வழக்கமாகத் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் ஆனால் பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்வதை ஊழியர் யோசிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் உண்டு. தடை கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஐரோப்பிய விதிகள் பேஸ் என்பது நிலையான இடமாக இருக்க வேண்டும் என்று நிறுவனத்தையும் கட்டுகின்றன. பேஸை மாற்றினால் அந்தப் பயணத்தைப் பணியாகக் கணக்கிடவும், முதல் ஓய்வை 72 மணி நேரமாக்கவும் சொல்கின்றன. அந்தப் பாதியை யாரும் எடுத்துக்காட்டிக் கேட்டதில்லை.

வேறு வழி இல்லாமலா இருக்கிறது? நெட்ஜெட்ஸ் நிறுவனத்தில் விமானி தன் வீட்டுக்கு அருகே ஒரு விமான நிலையத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்கிறார். அங்கிருந்து அவரை வேலைக்குக் கொண்டுபோவது நிறுவனத்தின் செலவு. போயிங் 747 சரக்கு விமானங்களை ஓட்டும் கலிட்டா ஏர் நிறுவனமும் வீட்டிலிருந்து டிக்கெட் எடுத்துத் தருகிறது. தினசரி அட்டவணையில் ஓடும் பெரிய நிறுவனங்களுக்கு இது ஒத்துவராது என்பார்கள். டிக்கெட் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, இருக்கைகள் அவர்களுடையவை. பிரச்சினை, வரும் நேரத்தைப் பணியாக எழுதினால் ஒரு விமானியிடமிருந்து கறக்கும் பறக்கும் மணிகள் குறையும், இன்னும் ஆட்களை எடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான். அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்புறம் டிக்கெட் விலை எவ்வளவு ஏறும் என்று பேசலாம். அதைச் சொல்லாமல் விமானியின் விருப்பம் என்று பேசிக்கொண்டிருப்பதால்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கிறது.

வீட்டுப் பேஸ் முழுமையாக வராவிட்டாலும் உடனே செய்யக்கூடியவை உண்டு. அதிகாலைப் பணிக்கு முந்தைய இரவு ஓர் அறை கொடுக்கலாம். களைத்திருக்கிறேன் என்று சொன்னவரின் சம்பளத்திலோ விடுப்புக் கணக்கிலோ கை வைக்காமல் இருக்கலாம். இடம் கிடைக்காமல் தவறிய விமானியைத் தண்டிக்கக்கூடாது என்ற பிரிவு பெரிய நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதை எல்லோருக்கும் விதியாக்கலாம்.

அமெரிக்காவில் இன்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், நான் பணிக்குத் தகுதியான நிலையில் இருக்கிறேன் என்று விமானி உறுதி சொல்ல வேண்டும். பயணம் தொடங்கும் ஆவணத்திலேயே அது பதிவாகிறது. தடை கேட்டு மனு எழுதுகிறவர்கள் அந்த ஆவணத்தில் இன்னொரு வரியும் சேர்க்கக் கேளுங்கள்: நேற்றிரவு இவர் தூங்க நாங்கள் என்ன ஏற்பாடு செய்தோம் என்று நிறுவனம் கையெழுத்திட வேண்டிய வரி.